கரையாத சாமான்

எங்கள் வீட்டில் கேமரா பொருத்த வந்தவர் சொன்ன கணக்கு எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. கேமராவுக்குப் பெரிய விலை இல்லையாம். அது பார்த்ததையும் கேட்டதையும் சேமித்து என் போனில் காட்டுவதற்கு மட்டும் மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமாம். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் மகளை ஓர் அக்கா பார்த்துக்கொள்கிறார். கேமரா வைத்தால் அந்த அக்காவைச் சந்தேகப்படுவது போலாகுமா, வைக்காவிட்டால் மகள் விஷயத்தில் அசட்டையாக இருப்பது போலாகுமா என்று பல நாள் குழம்பிய பிறகே அவரை வரச் சொல்லியிருந்தேன். சந்தா என்று அவர் சொன்னதும், "அப்ப இதுவும் கரையுற சாமான்தான்" என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது மேடம் என்றார்.

கரையுற சாமான் என்பது என் மாமாவின் சொல். அம்மாவின் தம்பி. அப்போது நாங்கள் கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் இருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. வீட்டின் முன்னறையில் மாமா ரேடியோ, டிவி, மிக்ஸி பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அறை முழுக்க ஈயம் உருகும் வாசனை அடிக்கும். எனக்கு அது பிடிக்கும்.

ஒருநாள் கை கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார். "பாப்பா, இந்த சோப்பு அடுத்த மாசம் இருக்குமா?"

"கரைஞ்சிரும்."

"டிவி?"

"டிவி எப்படி மாமா கரையும்?"

"அங்கதான் நம்ம தொழிலோட வில்லங்கமே கெடக்கு. கடைக்காரரு கரையுற சாமான் விக்கிறாரு. ஊரே திரும்பத் திரும்ப அவருகிட்டப் போவுது. நான் டிவிய ஒழுங்கா ரிப்பேர் பண்ணிக் குடுத்தா, அந்தாளு இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டான்."

"அப்ப ஒழுங்கில்லாம பண்ணிக் குடுங்க."

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "புள்ளைக்கு இருக்குற வெவரம்கூட இந்த மனுசனுக்கு இல்ல."

அன்றிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் நான் இரண்டாகப் பிரித்தேன். மெழுகுவத்தி கரையும், குடை கரையாது. பஸ் டிக்கெட் கரையும், பஸ் கரையாது. பள்ளிக்கூடம் எதில் சேரும் என்று மட்டும் தீர்மானிக்க முடியவில்லை.

மாமா அந்த ஆண்டு ஒரு பெட்டி செய்திருந்தார். எங்கள் பக்கம் உருளைக்கிழங்கு பருத்து வரும் நேரத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கி விளைந்த காட்டையே உழுதுவிடும். பனியில் குடிசை போட்டுத் தகரம் தட்டிக் காவல் இருந்தவர்களுக்குத் தூக்கமே கிடையாது. மாமாவின் பெட்டிக்குள் குரலைப் பதிந்து வைக்கும் ஒரு சில்லும், நேரம் பார்த்து அதைப் பேசவைக்கும் ஓர் அமைப்பும் இருந்தன. பைக் பேட்டரியில் ஓடும். மேலே கூம்பு ஸ்பீக்கர். பனி இறங்காமலிருக்க எல்லாவற்றையும் ஒரு பழைய பெயிண்ட் வாளியால் கவிழ்த்து மூடியிருப்பார். "ஏலே, மனுசனுக்கு ரேடியோ பாத்து முடிச்சு இப்பப் பன்னிக்கு ரேடியோவா?" என்று அம்மா சிரித்தாள்.

முதலில் புலி உறுமலைப் பதிந்தார். பன்றிகள் அதை மதிக்கவில்லை. பிறகு அத்தையின் குரலைப் பதிந்தார். "ஏலே, யார்றா அது காட்டுக்குள்ள? கட்டையெடுத்து வந்தேன்னா தெரியும் சேதி!" பன்றிகள் ஓடிவிட்டன. தனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார் மாமா. அதற்கு அத்தை அன்று முழுவதும் அவரிடம் பேசவில்லை.

ஆனால் சில வாரங்களில் பன்றிகளுக்கு அத்தை பழகிவிட்டாள். பெட்டி வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். மாமா வேறு குரல் போட்டார், பன்றிகள் மறுபடி ஓடின. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "பாப்பா, கெடச்சிருச்சு! பெட்டி கரையாது. குரல் கரையுது!"

அதற்குப் பிறகு அவர் பெட்டியை விற்கவில்லை. வாடகைக்குக் கொடுத்தார். காட்டுக்காரர்கள் ஞாயிறுதோறும் பெட்டியைக் கொண்டுவந்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு குரலையும் மாற்றிக்கொண்டு போக வேண்டும். தெருவில் உரத்துப் பேசும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பதிந்தார். கடைசியில் என் முறை வந்தது. யாரையாவது மிரட்டு என்றார். எனக்கு மிரட்ட வரவில்லை. நான் தினமும் உரக்கக் கத்துவது ஒன்றே ஒன்றுதான். வீட்டு மேட்டில் நின்று கீழ்க்காட்டில் இருக்கும் அப்பாவைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது. அதையே கத்தினேன். "அப்பா, சாப்புட வாங்க! வெரசா வாங்க, ஆறிப்போவுது!" பன்றிக்கு இது போதும் என்று மாமா பதிந்துகொண்டார்.

குரல்கள் காடு காடாய்ச் சுற்றின. என் குரல் போன இடத்தில் நின்றுவிட்டது. மேலக்காட்டுக்காரர் என்று நாங்கள் சொல்லும் பெரியவர் ஞாயிறு தவறாமல் பேட்டரியோடு வருவார், வாடகை கொடுப்பார், குரலை மட்டும் மாற்ற விடமாட்டார். "கெடக்கட்டும்" என்பார். அவருடைய ஒரே மகள் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு ஒட்டன்சத்திரத்தில் இருந்தாள். இனி என் படி ஏறாதே என்று அவர் சொல்லிவிட்டதும் ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அதைப் பெட்டியோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பெட்டி வாடகையில் அடுத்த பெட்டி செய்யும் அளவுக்குக்கூட மிஞ்சவில்லை. அத்தையின் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை இருக்கிறது என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "தைக்குள்ள ஒரு வழி தெரியணும். இல்லேன்னா மூட்டையக் கட்டுங்க" என்று அத்தை கெடு வைத்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். மோட்டார் ஸ்டார்ட்டர் செய்யும் சிறிய பட்டறை வைத்திருந்தவர். கொடைக்கானல் சுற்ற வந்த இடத்தில், காட்டுக்குள் ஒரு வாளி யாரையோ திட்டுவதைக் கேட்டு ஆச்சரியப்பட்டு, விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவரும் மாமாவும் பேசியது எனக்குக் கதை கேட்பது போல இருந்தது. "வித்தா ஒருக்காத்தான் காசு, அது சரிங்க. வாடகைன்னா இத்தனை பெட்டிக்கு முதல் யாருங்க போடறது?" என்று அவர் கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "நான் செஞ்சு தர்றேனுங்க. குரல் உங்க பொறுப்பு. நாலு பேரு வாயால நல்லாருக்குன்னு கேட்டுட்டுப் போறேன், அவ்வளவுதான்." அத்தை அவருக்கு இரண்டாவது தம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். யாருக்கும் அவள் இரண்டாவது தம்ளர் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஆட்கள் வந்தார்கள். இரண்டு பேர் பெட்டியைப் புகழ்ந்தார்கள். மூன்றாவதாகத் தோளில் பேட்டரியோடு மேலக்காட்டுக்காரர் வந்தார்.

"பன்னி வருதுங்களா?" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"வராம? நேத்து ரெண்டு தட்டுக் கெழங்கு பூராத்தையும் கெளறிப் போட்டிருச்சு. வாளிக்குப் பக்கத்துலயே மேயுது."

மாமாவின் கை ஸ்குரூடிரைவரோடு அப்படியே நின்றது. "அவரு குரலை மாத்த விடமாட்டேங்கிறாருங்க" என்றார்.

"பன்னி ஓடாத பெட்டிக்கு எதுக்குங்க வாடகை குடுக்கறீங்க?"

பெரியவர் பேட்டரியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தார். "அது சாப்புடக் கூப்புடுதுல்ல" என்றார்.

கோயம்புத்தூர்க்காரர் புரியாமல் மாமாவைப் பார்த்தார். எனக்கு மட்டும் ஒன்று பளிச்சென்று புரிந்தது போலிருந்தது. "மாமா, எல்லாருக்கும் கரையுற குரல் இவருக்கு மட்டும் கரையவே இல்ல! அப்ப இவருகிட்டத்தான் வாடகையக் கூட்டிக் கேக்கணும்!"

கோயம்புத்தூர்க்காரர் சத்தமாகச் சிரித்தார். "இந்தப் பாப்பாவைக் கூட்டாளியாப் போட்டுக்கறேனுங்க!"

மாமா சிரிக்கவில்லை. பெட்டியை எடுத்துவரச் சொல்லிப் பிரித்தார். இன்னொரு சில்லை உள்ளே வைத்து ஈயம் வைத்தார். இனி இரவெல்லாம் புதுக் குரல் பன்றியைத் திட்டும், ஞாயிறுதோறும் அது மாறும். என் குரல் மத்தியானம் ஒரு தடவை மட்டும் வரும், மாறாது. கோயம்புத்தூர்க்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அருமையான யோசனை என்றும், அந்த இரண்டாவது குரலுக்குத் தனி வாடகை வைத்தால் இதுவே பெரிய தொழிலாகும் என்றும், தனியாக இருக்கிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அவர் கண்ணில் நிஜமான ஆர்வம் இருந்தது. கெட்ட மனிதர் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை.

மாமா அத்தையைப் பார்த்தார். தைக்குள் வழி கேட்டவள் அவள்தான். அவள் சொன்னாள், "அதுக்குக் காசு வாங்காதீங்க."

"அதுக்கு வாடகை இல்லீங்க" என்றார் மாமா.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிப் போன கோயம்புத்தூர்க்காரர் திரும்ப வரவில்லை. தை பிறந்ததும் அத்தை மூட்டையைக் கட்டினாள். மாமா செய்தது சரியா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. திருப்பூரில் அவர் பட்ட பாட்டை நினைத்தால் தவறு என்று தோன்றும். மத்தியானம் வேலையிடத்தில் போனைத் திறந்து, மகள் "அம்மா" என்று கேமராவைப் பார்த்துக் கத்துவதைக் கேட்கும்போது வேறு மாதிரித் தோன்றும். ஆனாலும் சந்தாவைக் கட்டிவிடுகிறேன்.

அவர்கள் கிளம்பிய அன்று நானும் பஸ் நிற்கும் இடம்வரை போனேன். பனி விலகி மேலக்காடு தெளிவாகத் தெரிந்தது. மாமா மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தபோது அங்கிருந்து என் குரல் வந்தது. அப்பா, சாப்புட வாங்க, வெரசா வாங்க. பெரியவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டு, அடுப்புப் புகையாத தன் குடிசையை நோக்கி நடந்துபோனார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமாவிடம் சொன்னேன். "மாமா, பெட்டி இப்ப ஒழுங்கா வேலை செய்யுது!"