வீடு மாறிட்டேன்

எதிர்வீட்டுத் தேவம்மா கௌதள்ளியிலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து ஒரே வீடுதான். புருஷன் கருப்புசாமி சாகும் முன் அதை மகன் பேருக்கு எழுதிவைத்தார். அப்போதே வேண்டாமென்றேன். "என்ற பையனாச்சே மீனா," என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

மகன் கவின்ராஜுக்கு மங்களூரில் வேலை, கடலோரத்தில் வாடகை வீடு. ஞாயிறானால் போனில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு அம்மாவும் மகனும் ஒரே சண்டை.

"இங்கயே வந்துரும்மா. கடல் காத்து சூப்பரா இருக்கும்."

"காத்தா அது? ஈரத்துணிய மூஞ்சில போத்துனாப்ல இருக்குது. போன தடவை வந்தப்ப டப்பாக்குள்ள உப்பே தண்ணியாப் போச்சு. துவைச்ச சீல காயாம, ஈரத்தோட கட்டிக்கிட்டு பஸ் ஏறுனேன்."

"ஏசி போட்றேன்மா."

"கடலு ஏறிட்டே வருதுன்னு டிவில சொல்றான். அதுக்கும் ஏசி போடுவியா?"

"அதுக்கு இன்னும் நூறு வருஷம் ஆகும்."

"அப்ப நீச்சல் பழக டைம் இருக்குது."

நான் சிரிப்பேன். போனை வைத்ததும் அவள் முகம் சுருங்கிவிடும். "இந்த வீட்ட விட்டுட்டு எங்கயும் இருக்க முடியாது மீனா."

போன மாதம் ஒரு காலையில் ஓடிவந்தாள். "ஜெயிச்சுட்டேன்! 'வீடு மாறிட்டேன்மா'ன்னு போன் பண்ணுனான். கடலோரமே வேண்டாம்னு கிளம்பிட்டான் பாரு!" தெருவுக்கே கேசரிபாத் கிண்டிக் கொடுத்தாள். நானும் வாங்கித் தின்றேன்.

அந்த வாரமே மஞ்சுநாத் என்று ஒருவர் டேப்போடு வந்து அவள் அடுப்படியை அளந்தார். யாரென்று கேட்டால், வீட்டை வாங்கியவராம். தேவம்மா அங்கேயே நின்று மகனைக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கே மாரிட்டேன்னு சொன்னேனேம்மா. நீயும் குஷியா 'சரிடா கண்ணு'ன்னியே?"

கன்னடத்தில் மாருவது என்றால் விற்பது. கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்த பையன். அவன் தமிழில் பாதி கன்னடம்தான். மாறியது அவனில்லை, விற்றது இவள் வீட்டை. அதற்குத்தான் கேசரிபாத். பத்திரம் பதிய மைசூர்வரை வந்தவன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வக்கீலைப் பார்க்கலாம் வா என்றேன். "பேரு அவனோடது. என்னத்தச் சொல்லி நிக்கறது?" என்று பாத்திரங்களை மூட்டை கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள்:

"மங்களூர்ல எனக்கு எந்த ரூம்டான்னு கேட்டேன் மீனா. ஹால்ல படுத்துக்கலாம்ன்றான்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."