அக்காவின் கீபோர்டை மந்திரித்த கதை

அக்காவுக்கு வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டு பிரித்த பிறகும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நீள மறுத்துவிட்டன. தட்டச்சுதான் அவள் பிழைப்பு. உத்தமபாளையம் பேருந்து நிலையம் பக்கம் கடை வைத்து, காதுகுத்து முதல் கருமாதி வரை அச்சடித்துக் கொடுப்பவள். "இந்த மாசமும் இப்படியே போனா கடையக் காலி பண்ணிருவோம்" என்று மச்சான் சொல்லிவிட்டார். அக்கா சரியென்று தலையாட்டினாள். மச்சான் சொன்னதற்கு அவள் தலையாட்டி நான் பார்த்ததே கிடையாது. பயந்துபோனேன்.

எனக்குப் பயம் வந்தால் வாய் வீரம் பேசும். "சுண்டுவிரல் வேலையெல்லாம் கட்டைவிரலுக்கு மாத்தி ஒரு கீபோர்டு செஞ்சு தர்றேன்க்கா" என்றேன். பெங்களூர் கம்பெனிக்கு அனுமந்தன்பட்டி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன் நான். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதத் தெரியும். ஈயம் உருக்கிப் பற்றவைக்கத் தெரியாது. இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டபின் அதுவும் தெரிந்தது. மேல்மூடி வாங்க மறந்ததால் கீபோர்டு திறந்த மேனியாகவே நின்றது.

எந்தப் பொத்தானுக்கு எந்த எழுத்து என்று கீபோர்டுக்குள் இருக்கும் சிப் என்கிற சில்லுக்குச் சொல்கிற நிரல்தான் ஃபர்ம்வேர். அதை எழுதி, கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் சில்லுக்குப் புரிகிற மொழியில் தொகுத்துக் கொடுக்கும். இன்னொரு கட்டளை அதைச் சில்லில் ஏற்றும். ஏற்றும்போது அடியில் உள்ள இரண்டு புள்ளிகளை உலோகத்தால் தொட வேண்டும். அக்காவின் சேலை ஊக்கு அதற்கு வாகாக இருந்தது. மச்சான் எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, படமே வராத டிவிய இம்புட்டு நேரமாப் பாக்குற?" என்றார். சிவப்பாகப் பிழைகள் ஓடியபோது, "இப்பத்தான் படம் போட்டிருக்கான்" என்றார். நான் எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை கொடுத்தேன். அருமையாக வேலை செய்தது. திங்கட்கிழமை காலையில் கடையிலிருந்து போன். "ஏலே, நான் தொடவே இல்ல. 'க' அதுபாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கு!"

போய்ப் பார்த்தால் திரை முழுக்க க. தப்பு என் நிரலில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு தொடுதலை எவ்வளவு நேரம் பொறுத்து நம்பலாம் என்று அதில் ஒரு கணக்கு உண்டு. அதைக் கூட்டினேன், தொகுத்தேன், ஊக்கால் தொட்டு ஏற்றினேன். க. குறைத்தேன். ககக. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொகுத்தேன். மறுபடியும் க. மச்சான் இந்த முறை கேலி செய்யவில்லை. வாடகை நோட்டை எடுத்துப் புரட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் தலையில் துண்டோடு வந்து நின்றார். "எங்க அய்யா தவறிட்டாக. சாயங்காலம் எடுக்குறோம், போஸ்டர் வேணும்த்தா." அடுத்த கடையைக் காட்ட அக்கா கையைத் தூக்கினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் 'க' பொத்தானைப் பிடுங்கி எடுத்தேன். உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

"அக்கா, இங்கன என்னத்த ஊத்துன?"

"நான் எங்க ஊத்துனேன்? நேத்துப் பூசை முடிஞ்சு சாமிதான் மந்திரிச்சுத் தெளிச்சாக."

எங்கள் ஊரில் பைக் வாங்கினாலும் போர் மோட்டார் வாங்கினாலும், மாதா கோயில் முன்னால் வைத்து, பங்குச் சாமியார் உப்புப் போட்டு மந்திரித்த தீர்த்தத்தைத் தெளித்த பிறகுதான் ஓட்டுவார்கள். டிராக்டருக்குத் தெளிக்கிற அதே தாராளத்தோடு கீபோர்டுக்கும் தெளித்திருக்கிறார். மேல்மூடி இல்லாத கீபோர்டு என்ன செய்யும், பாவம்!

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ நக்கலடிப்ப."

அடித்திருப்பேன்தான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

பிரிண்டர் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பல் துலக்கும் பிரஷில் நனைத்துத் தேய்த்தேன். மேசை விசிறி முன் காயவைத்துக் கம்ப்யூட்டரில் சொருகினேன். க வரவில்லை. அக்கா உட்கார்ந்தாள். முதல் வரி தட்டுத் தடுமாறியது. இரண்டாவது வரியில் கட்டைவிரல் தானாக இறங்கியது. அதற்கப்புறம் அவள் கையைப் பார்க்கவே இல்லை, பழைய வேகம். மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அச்சாகி வந்த தாளைக் கையில் எடுத்ததும் அக்கா பொலபொலவென்று அழுதுவிட்டாள். துண்டுக்காரர் நெகிழ்ந்துபோனார்.

"எங்க அய்யாவ ஒனக்குப் பழக்கமாத்தா?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆமாண்ணே" என்றாள்.