பத்து நிமிடத்துக்கு இரண்டு தட்டு

வீட்டில் என் பெயர் குட்டி. இங்கே ஐஸ்கட்டி. வயது இருபத்து மூன்று. மீன் கிடங்கின் பின்னால் எங்களுக்குக் கொடுத்த அறையில், மேல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. அதனால் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. அக்கா, இது கனவில்லை. காய்ச்சல் பிதற்றலும் இல்லை. செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில் நடந்தது.

உறைபனி அறைக்குள் ஒருவர் போனால் அவர் ஜோடி கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே இருப்பவர் கதவில் இரண்டு தட்டு. உள்ளே இருப்பவர் பதிலுக்கு ஒரு தட்டு. வேலை முடிந்து வந்ததும் ஜோடியின் தோளைத் தொட்டு "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் அவர் அசையக் கூடாது.

என் ஜோடி மீசை அண்ணன். வெயில் படும் வேலை ஒன்று கிடைத்தும் போகாதவர். "நான் போனா உன்னை எவன்டா வெளிய எடுப்பான்? மீனோட மீனா பெட்டியில போட்டு அனுப்பிடுவானுங்க" என்பார்.

மதியம் 2:00. உள்ளே போனேன். உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஒரு வாரம். அண்ணன் இருக்கிறாரே என்று நானும் விட்டுவிட்டேன்.

2:10. டொக், டொக். "டேய் ஐஸ்கட்டி, உசிரோட இருக்கியா?"

"பாதி இருக்கேண்ணே."

2:20. டொக், டொக். குரல் இல்லை.

2:30. வேலை முடிந்தது. "அண்ணே, தொறங்க." பதிலுக்கு... டொக், டொக். அவ்வளவுதான். கத்தினேன். உதைத்தேன். கதவு சத்தத்தை விழுங்கியது.

2:40. தட்டு கதவின் அடியிலிருந்து வந்தது. யாரோ தரையில் படுத்துத் தட்டுவதுபோல்...

2:50. பக்கத்துச் சுவரில். அதற்கு அந்தப் பக்கம் வெறும் குழாய்கள். ஆள் நிற்க இடமே கிடையாது.

கண் சொருகியது. உட்கார்ந்துவிட்டேன்.

3:00. நான் சாய்ந்திருந்த பெட்டியில்.

உள்ளே.

3:10. என் தோளில்.

இரண்டு தட்டு.

திரும்பவில்லை. பெட்டியில் ஒரு தட்டு தட்டினேன்...

3:17. கதவைத் திறந்தது லாரிக்காரர். "யாரோ கதவைத் தட்டிட்டே இருந்தாங்க. வந்து பார்த்தா வெளிய ஆளே இல்ல" என்றார்.

பிறகுதான் தெரிந்தது. 2:13க்கு மீசை அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவடியில் விழுந்திருக்கிறார். பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் என்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரித் தாளில் உயிர் போன நேரம் இருந்தது.

2:19.

நேற்று மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டினார். ஜோடி சொல்லாமல் இடத்தை விட்டுப் போய்விட்டார் என்று எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போடு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"அவர் போகலை சார்."

"செத்தவருக்கு இதனால என்னப்பா?"

போடவில்லை. வேலை போனாலும் போகும். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

என் பயம் அதில்லை. அண்ணனிடம் நான் இன்னும் "வந்துட்டேன்" சொல்லவில்லை. இப்போது மாலை 4:50. கட்டிலை ஒட்டிய சுவரில்... டொக், டொக்.

அண்ணன் உடலை அவர் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நம் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். இதைப் படிப்பது யாரானாலும் சரி, போய் அவர் படத்தில் தோளைத் தொட்டு, தம்பி வெளியே வந்துட்டான் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.