சேஸிஸ் ஒன்று, ஸ்பிரிங் வேறு

ஜீப்பின் பின்சக்கரத்தருகே குத்தவைத்துத் தலையை அடியில் நுழைத்துவிட்டார் பால்ச்சாமி. ஸ்ரீவில்லிபுத்தூர் டீக்கடையில் அவருடைய டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. செண்பகத்தோப்புப் பக்கம் மலை பார்க்கப் போகிற தடித்த டயர் வண்டி எது நின்றாலும் அவருக்கு இந்த வியாதி வந்துவிடும்.

"சேஸிஸ், அதான் அடிச்சட்டம், நம்ம லோடு வண்டியோடதுதான் அண்ணாச்சி. மேலதான் மாப்பிள்ளச் சட்டை போட்டு விட்டுருக்கான்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே எழுந்தவர், உடனே முகம் வாடினார். "ஸ்பிரிங்குதான் வேற."

ராஜபாளையத்தில் மில்களுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றுகிறவர். சொந்தமாக ஒரு லோடு வண்டி. பொதி இருந்தால் அது தொட்டில். இறக்கிவிட்டால் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். அடியில் பாரத்துக்கென்று ஸ்பிரிங்காக அடுக்கிய இரும்புப் பட்டைகள் காலி வண்டிக்கு வளைந்து கொடுக்காது.

மனைவி கனகலட்சுமி இருபது வருடம் அந்த முன்சீட்டில்தான் வன்னியம்பட்டியிலிருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய்வந்தார். இடுப்பு எலும்பு தேய்ந்தபின் முடியவில்லை. பால்ச்சாமி விடுவாரா? பன்னிரண்டு மூட்டை மணலைப் பின்னால் ஏற்றி, வண்டியை அமுக்கி, அவரை அலுங்காமல் கொண்டுபோய் இறக்கினார். அங்கே மச்சினன் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தான். "மணல் கெடைக்குமா அத்தான்?" என்று அவன் கேட்க, மாப்பிள்ளை முறுக்கில் பன்னிரண்டையும் கொட்டிவிட்டார். திரும்பும்போது வண்டி காலி.

கனகலட்சுமி பத்து நாள் படுக்கையில் கிடந்தார். "என் தம்பிக்குச் செவரு எந்திரிச்சிருச்சு, எனக்கு இடுப்பு போயிருச்சு. இனிமே நான் பஸ்ஸுலயே போறேன், நீங்க பொறவு வாங்க" என்றார்.

அப்படியே நடக்கிறது. முன்னால் பஸ்ஸில் மனைவி. பின்னாலேயே லோடு வண்டியில் இவர், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நின்று. ஊர் சிரிக்கிறது. எனக்கென்னவோ பாவமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

"இந்த மாதிரி ஜீப்புல ஒரு வாட்டி அவள உக்கார வச்சுக் கொண்டு போவணும் அண்ணாச்சி. அம்புட்டுத்தான் ஆசை" என்பார்.

போன வாரம் மில் முதலாளி ஒருவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்ற தன் ஜீப்பை ராஜபாளையத்துக்கு ஓட்டிவரும்படி பால்ச்சாமியிடம் சொன்னார். நானும் தொற்றிக்கொண்டேன். முன்கதவைத் திறந்தேன்.

"செத்த பின்னால உக்காருங்க அண்ணாச்சி" என்றார் பால்ச்சாமி.

பாதி வழியில் ரோடு பெயர்ந்து கிடந்தது. சக்கரம் குழியில் இறங்கியது. உள்ளே எங்களுக்கு ஒரு குலுக்கல்கூடத் தெரியவில்லை. ஆனாலும் அவருடைய இடது கை ஸ்டியரிங்கை விட்டு நீண்டு, காலியாக இருந்த பக்கத்துச் சீட்டுக்குக் குறுக்கே அணை கொடுத்து நின்றது.