நாடு கேட்டார்கள், எடை சொன்னாள்

நனைந்த தார்ப்பாயும் தும்பு மெத்தையும் கலந்த ஒரு நாற்றம்... கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் ஜூடோ பழகிய மண்டபத்துக்குள் நுழைந்தாலே மூக்கில் ஏறும்.

நான் பன்வில தேயிலைத் தோட்டத்துப் பெண். கண்டி டவுனில் புடவைக்கடை வேலை. வேலை முடிந்ததும் பஸ் ஏறி ஓடுவேன். என் எடைக்கு ஜோடியாக அங்கே ஒரு பெண்ணும் இல்லை. பையன்களோடுதான் மல்லுக்கட்டு.

அப்படி இருக்கும்போது வந்தவள்தான் ஸஹ்ரா. ஆப்கானிஸ்தானில் அவள் பழகிய கூடத்தைப் பெண்களுக்குப் பூட்டிவிட்டார்கள். தாயோடு தப்பி வந்த அகதி. மடவளையில் ஒரு மாடி அறையில் குடியிருந்தாள். தமிழை அக்கம்பக்கத்தில் பொறுக்கிக்கொண்டாள்... அதனால் அசல் மடவளை முஸ்லிம் பேச்சு!

முதல் நாளே என்னை இடுப்பில் ஏற்றித் தூக்கிப் போட்டாள். எழுந்தேன். மறுபடியும் போட்டாள்.

"பயந்து விழுந்தாத்தான் நோகும் புள்ள. வாங்க, இன்னொருக்கா."

அன்றிலிருந்து எனக்கு ஜோடி கிடைத்தது.

மாகாணப் போட்டி வந்தது. இருவரும் போனோம். மேசையில் இருந்த அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிரஜைகளுக்கு மட்டும்தான். இவங்களுக்கு எந்த நாடு?" சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

ஸஹ்ரா பக்கத்திலிருந்த தராசைக் காட்டினாள்.

"நாடு இல்லாட்டி என்ன? எடை ஈக்கிதானே. நிறுத்துப் பாக்கச் சொல்லுங்க."

ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். என் அப்பா இந்த மண்ணிலேயே பிறந்தவர். இந்தத் தேயிலைக்கே உழைத்தவர். அவரும் வெகுகாலம் எந்த நாட்டுக்கும் பிரஜையாக இல்லாமல்தான் இருந்தார்...

முடியாது என்றுவிட்டார் அதிகாரி. ஸஹ்ரா அழவில்லை. ஜூடோ உடுப்பை மாற்றவும் இல்லை. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, முன்வரிசைக் கதிரையில் மாலை வரை உட்கார்ந்திருந்தாள்.

என் எடைப் பிரிவில் நான்தான் முதலாவது. மெடல் போட வந்த அதே அதிகாரியைத் தடுத்தேன்.

"இவவோட ஒரு ஆட்டம் ஆடாம நான் வாங்க மாட்டேன் சேர்," என்று சிங்களத்தில் சத்தமாகவே சொன்னேன்.

எங்கோ பின்னால் ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டத் தொடங்கினார்கள். நடுவர் எங்கள் இருவரையும் மெத்தைக்குக் கூப்பிட்டார்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. இருந்த பலத்தையெல்லாம் திரட்டிப் பிடித்தேன். அப்படியும்... என் முதுகு தரையில்!

"இது கணக்குல வராது," என்றார் அதிகாரி.

"வராட்டிப் போகட்டும். அவ விழுந்தது விழுந்ததுதானே!" என்றாள் ஸஹ்ரா. அதையும் நானே, விழுந்த இடத்தில் படுத்துக்கொண்டே, மொழிபெயர்த்தேன்.

இப்போது அவள் தூரத்தில், ஒரு குளிர் தேசத்தில் இருக்கிறாள். அங்கே போட்டிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். இனி நாங்கள் இருவரும் ஒரே மெத்தையில் நிற்கப்போவதில்லை... அது மட்டும் கொஞ்சம் வலிக்கும்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். மூச்சிரைக்க, ஒரே சிரிப்பு.

"செல்வி, தோத்துட்டேன் புள்ள! ஸ்கோர் போர்ட்ல என்ட பேரைப் பெருசாப் போட்டு... எல்லாரும் பாக்கத் தோத்துட்டேன்!"