என்னிடம் திரும்பி வந்த கோமதி மிக்ஸி

எட்டுக்கை அம்மன் மேல் சத்தியம், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பழைய சாமானை ஆன்லைனில் விற்கிறவனுக்கு, விற்றது கைவிட்டுப் போன பிறகுதான் வேலையே ஆரம்பம். அந்தப் பாடு பட்டவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பார்சலோடு போன வயல்

கொல்லிமலையிலிருந்து ஒரு சாமான் கீழே காளப்பநாயக்கன்பட்டி போய்ச் சேருவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் உருண்டு எழுந்திருக்கும். அதனால் பெட்டிக்குள் சாமை வைக்கோலைத் திணித்துத்தான் அனுப்புவேன். ஒரு மழைக்காலத்தில் ரேடியோ ஒன்றைச் சேலத்துக்கு அனுப்பினேன். பெட்டி நனைந்து, வைக்கோலில் ஒட்டியிருந்த சாமை விரல் நீளத்துக்கு முளைத்துவிட்டது. நான் வளர்த்துச் சொல்வதாக நினைத்தால் வாங்கினவர் போனில் சொன்னதைக் கேளுங்கள்: “ரேடியோ நல்லாப் பாடுதுங்க. கூடவே ஒரு வயலும் வந்திருக்குது, அறுவடைக்கு நீங்க வாரீங்களா, நானே அறுத்துக்கட்டுமா?”

மலைக்காத்து

அப்படிப்பட்ட நல்லவர்களையே பார்த்துப் பழகியவனுக்குக் கோயமுத்தூரிலிருந்து வந்தது சோதனை. எங்கள் வீட்டு மிக்ஸியை விற்றிருந்தேன். மருமகள் சாந்தி புதுசு வாங்கிவிட்டாள். பழையதும் கல் மாதிரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாலாம் நாள், ‘மிக்ஸி ஓடவே இல்லை, திருப்பி அனுப்புகிறேன்’ என்று தகவல். பெட்டி வந்தது. நான் எதையும் வீடியோ எடுத்துக்கொண்டே பிரிக்கிறவன். நான் வாயால் சொன்னால் இந்த மலையில் ஒருத்தரும் நம்புவதில்லை, அதனால் வந்த பழக்கம். உள்ளே இருந்தது அதே கம்பெனி, அதே நிறம். ஆனால் மோட்டார் கருகி, ஜாரெல்லாம் பிசுக்கு ஏறிய வேறொரு மிக்ஸி. இது என்னுது இல்லையே என்று எழுதினேன். பதில் வந்தது: “நல்லாப் பாருங்க பெரியவரே, மலைக்காத்துப் பட்டு மாறியிருக்கும்.”

மூக்குக்கு பட்டன்

மூன்று நாளில் ஆதாரம் காட்டாவிட்டால் என் கடையையே மூடிவிடுவோம் என்றது நான் விற்கிற அந்த ஆப். கடை என்றால் ஒரு போனும் நானும்தான். ஆனாலும் இந்த வயதில் ‘எழுந்து வேலைக்குப் போகோணும்’ என்று எனக்கு இருக்கிறது அது ஒன்றுதானே? புகார்ப் பிரிவுக்குக் கூப்பிட்டேன். எடுத்தது ஒரு சின்னப் பெண்.

“எங்க மிக்ஸி பதினோரு வருசம் மிளகு அரைச்சதுங்க அம்மிணி. மோந்தா தும்மல் வரும். இதுல தேங்காய்ச் சட்னி வாசம் அடிக்குது. இருங்க, போனைக் கிட்டக் கொண்டுபோறேன்” என்று நிஜமாகவே ஜாருக்குள் போனை விட்டேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. ஆனால் வைத்துவிடவில்லை, புண்ணியவதி. பிரித்த வீடியோ நல்ல ஆதாரம்தான், ஆனால் இரண்டும் ஒரே மாடல், இது வேறு என்று காட்ட ஏதாவது ஒரு அடையாளம் வேண்டும் என்று பொறுமையாக விளக்கினாள். கடைசியில் சொன்னாள்: “வாசத்தை எல்லாம் ஏத்துக்கறதுக்கு எங்க ஆபீஸ்ல இன்னும் மூக்குக்கு பட்டன் வைக்கலீங்க ஐயா.”

சாந்தியின் புளி

இரண்டு நாள் மிக்ஸியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூடச் சாட்சி சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை சாந்தி வந்து ஜாரைப் பிடுங்கினாள். “யாரு ஊட்டுதா இருந்தா என்னங்க மாமா, இந்தக் கோலத்துலயா வெக்கறது?” என்று புளியைப் போட்டு அடிப்பக்கத்தைத் தேய்த்தாள். பிசுக்கு போகப் போக, புள்ளி புள்ளியாக எழுத்து மேலே வந்தது. பாத்திரக் கடையில் பேர் வெட்டுவார்களே, அதே புள்ளி. ‘ந. கோமதி’.

ஓடிப்போய்ப் பெட்டிமேல் இருந்த விலாசத்தைப் பார்த்தேன். வாங்கினவர் பேர்: ந. கோமதி. தன் வீட்டுச் செத்த மிக்ஸியை, பேர் வெட்டினதையும் மறந்து அனுப்பியிருக்கிறார்கள்! படம் எடுத்து அனுப்பினேன். மதியம் அந்தப் பெண்ணே கூப்பிட்டு, கடை உங்களுக்குத்தான் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாந்தியைப் பார்த்துக் கையெடுத்தே கும்பிட்டேன். அவள் புடவையில் கையைத் துடைத்தபடி, “சும்மா இருங்க மாமா. கடையை மூடிட்டா நீங்க நாள் பூரா என் சமையல்கட்டுலதான கதை அளந்துட்டு நிப்பீங்க?”

கோமதியின் போன்

ஒரு வாரம் கழித்து ஒரு பெண் குரல். கோமதியேதான். தன் பேரில் வீட்டுக்காரர் வாங்கியதும், சண்டை போட்டதும் அன்றைக்குத்தான் தெரியுமாம். எங்கள் மிக்ஸிக்கு உண்டான பணத்தை அவர் கட்டிவிட்டாராம். அந்த ஜார் மட்டும் அம்மா வீட்டுச் சீர், திருப்பி அனுப்ப முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சாந்தி மறுபடி ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கொடுக்க, அன்றைக்கே அனுப்பினேன். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. வைப்பதற்கு முன்னால் அந்த அம்மா சொன்னது: “உங்க மிக்ஸியில அரைச்ச சட்னியைத் தின்னுட்டுத்தானுங்க அவரு உங்களைத் திட்டி எழுதியிருக்காரு!”

என் கடையைக் காப்பாற்றியது ஒரு கொட்டைப் புளியும், அழுக்குப் பாத்திரத்தைப் பார்க்கப் பொறுக்காத ஒரு மருமகளும்தான். ஆனால் இந்தப் புளி விஷயத்தை மட்டும் வெளியே மூச்சு விட்டுவிடாதீர்கள், நானே பூதக்கண்ணாடி பிடித்துக் கண்டுபிடித்ததாகத்தான் மலை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.