ரப்பர் எடுக்கச் சொன்ன நாள்

ஐந்தாம் வகுப்பு ஷிமுரா டீச்சர் எதில் விட்டுக்கொடுத்தாலும் கணக்கு நோட்டில் ரப்பரைத் தொடவிடமாட்டார். தப்புப் போட்டால் மேலே ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தத் தப்பைப் பார்த்துத்தான் மறுநாள் பாடத்தையே யோசிப்பார். இருபத்தொரு வருஷமாக இதே பிடிவாதம்.

அப்பேர்ப்பட்டவர்தான் ஒருநாள் ரப்பர் எடுக்கச் சொன்னார்.

ஜப்பானில் தொயாமா பக்கத்துப் பள்ளிகளில் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு வகுப்பைத் திறந்துவிடுவார்கள். ஊர்ப்பட்ட வாத்தியார்கள் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து, சுவரோரம் நின்று பிள்ளைகள் எழுதுவதைக் குறித்துக்கொள்வார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் குரானுகியும் தம் பயிற்சி மாணவர்களோடு வருவார். பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

போன தடவை ஷிமுராவின் பிள்ளைகள் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மானம் கப்பலேறியது. இந்தத் தடவை முதல்நாளே அதே பாடத்தை ரகசியமாக நடத்திவிட்டார். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? இருபத்தாறு பேரில் பதினேழு பேர் மேலேயும் கீழேயும் கூட்டி 'ஐந்தில் இரண்டு' என்றார்கள். சரியான விடையைச் சொல்லிக்கொடுத்து, தப்பை அழிக்கச் சொன்னார்.

மறுநாள் காகிதப் பட்டையை மடித்துக் காட்டி அதே கணக்கைக் கேட்டார். அடேயப்பா, அத்தனை கையும் மேலே! பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின், பார்த்த பாடத்தைப் பற்றிப் பேசக் கூட்டம் நடந்தது.

"ஒருத்தர்கூடவா ஐந்தில் இரண்டு போடல?" என்றார் குரானுகி.

"எங்க ஷிமுரா டீச்சர்னா சும்மாவா சார்!" என்றார் தலைமையாசிரியர்.

பயிற்சி மாணவர்கள் விறுவிறுவென்று எழுதினார்கள். 'காகிதப் பட்டையை வைத்துத் தொடங்கினால் யாரும் தப்புப் போடுவதில்லை.' பக்கத்தில் இருந்த பயிற்சி மாணவியின் நோட்டில் ஷிமுரா அதைப் படித்துவிட்டார். ஏப்ரலில் பள்ளி திறந்ததும் இவள் தனியாக ஒரு வகுப்புக்குள் போவாள். பதினேழு பிள்ளைகள் முழிப்பார்கள். குறை தன்னிடம்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

"அதை அடிச்சிடும்மா," என்று ஷிமுரா எழுந்தார். "நேத்தே நடத்திட்டேன். இன்னிக்கு நீங்க பாத்தது டிராமா."

தலைமையாசிரியர் இருமினார். பேராசிரியர் கோபிக்கவில்லை.

"அப்போ நேத்து போட்ட தப்பெல்லாம் நோட்டுல இருக்குமே, டீச்சர்?"

"அழிக்கச் சொல்லிட்டேன் சார்."

அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு நிஜமாகவே அவமானமாக இருந்தது.

குரானுகி விடவில்லை. மேசையில் அடுக்கியிருந்த பிள்ளைகளின் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒன்றை எடுத்து ஷிமுராவிடம் நீட்டினார். சிசுரு என்ற பெண்ணுடையது. ஐந்தில் இரண்டு, மேலே ஒரு நேர்கோடு. பாடம் முடிந்ததும் மனதில் பட்டதை எழுதும் இடத்தில் மூன்று வரி. ஷிமுரா சத்தமாகவே படித்தார்.

"டீச்சர் இன்னிக்கு ரப்பர் எடுக்கச் சொன்னாங்க. அவங்களுக்கு உடம்பு சரியில்ல போல. நான் அழிக்கல."

பயிற்சி மாணவர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.